மேல்தாடை எடுத்தபின்: அப்டுரேட்டரும் அதைச் செய்யும் அக்ரிலிக்கும்

ஈறு நன்றாக இருக்கிறது, சொத்தை இல்லை, அடிபடவும் இல்லை. ஆனால் மேல்வரிசையில் ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டு மட்டும் ஆடுகின்றன. இப்படி ஒருவர் வந்தால், பல்லைப் பிடுங்கும் முன் சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அதே பக்கம் மூக்கடைப்பு, அவ்வப்போது மூக்கில் ரத்தம், கன்னம் மரத்துப்போதல், பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் சதை வளர்ந்து நிற்பது என்று இன்னொரு அறிகுறியும் சேர்ந்திருந்தால் தாமதமே கூடாது. மேல்தாடை சைனஸ் காற்று நிரம்பிய அறை. உள்ளே கட்டி வளர இடம் தாராளமாக இருப்பதால், வலி தெரிவதற்குள் அது எலும்பை அரித்துவிட்டிருக்கும்.

மூக்குக்குழி, சைனஸ் இரண்டையும் சேர்த்தாலும், தலை-கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 3 முதல் 5 வரைதான் இங்கே வருகின்றன. இவ்வளவு குறைவாக வந்தாலும் இங்கே வரும் கட்டிகளின் வகைகள் ஏராளம். சைனஸ் உட்தோலில் தொடங்கும் ஸ்குவாமஸ் புற்று, அண்ணத்தின் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, மியூகோஎபிடெர்மாய்டு, பல் உருவாகும் திசுவிலிருந்து வரும் அமெலோபிளாஸ்டோமா, அரிதிலும் அரிதாக மியூகோசல் மெலனோமா. ஒவ்வொன்றின் போக்கும் வேறு. அதனால் பயாப்ஸி ஸ்லைடைத் தலை-கழுத்து நோய்க்குறியியலில் பழக்கமுள்ள இன்னொருவரும் பார்க்க வேண்டும். பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடும்.

இரண்டு உதாரணம் போதும். அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பின் நுண்துளைகளுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் தெரியும் எல்லைக்கு அப்பால் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஐந்தில் நான்கு கீழ்த்தாடையில்தான் வருகிறது. மேல்தாடையில் வரும் மிச்சம் ஒன்றுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் மேலே கண்ணும் பின்னே மண்டையோட்டின் அடித்தளமும் இருக்கின்றன. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். கன்னம் மரத்துப்போனால் அது மேல்தாடை நரம்பு வழியே மண்டைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை எம்ஆர்ஐ எடுத்துத்தான் சொல்ல முடியும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் வென்றுவிட்டோம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பத்து, பதினைந்து வருடம் கழித்தும் அதே இடத்திலோ நுரையீரலிலோ தலைகாட்டும்.

பெரும்பாலானவர்களுக்கு வழி ஒன்றுதான்: கட்டி இருக்கும் மேல்தாடைப் பகுதியை ஓரம் சுத்தமாக வருமாறு வெட்டி எடுப்பது, வீரியமான வகையானால் பிறகு கதிர்வீச்சு. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும். வழக்கமான அளவு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதாவது நாளுக்கு 2 கிரே வீதம் 30 தடவை. வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சமிருந்தால் 66 கிரே வரை போவார்கள். நோயாளிகள் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள்.

ஆக, அறுவை மேசையிலிருந்து எழுந்து வருபவரின் வாயில் அண்ணத்தின் பாதி இருக்காது. வாயும் மூக்கும் ஒரே அறையாகிவிடும். குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும், பேச்சு முழுக்க மூக்கில் ஒலிக்கும், மெல்ல முடியாது. இந்த ஓட்டையை அடைப்பது அப்டுரேட்டர் என்ற சாதனம். பல்செட் போன்ற ஒரு தட்டு, அதன் மேல் ஓட்டைக்குள் ஏறி நிற்கும் ஒரு குமிழ். 2021-ல் கொரோனாவைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவியபோது இந்தியாவில் மேல்தாடை எடுக்கப்பட்ட பலருக்கும் இதுதான் தேவைப்பட்டது.

கால் எலும்பிலிருந்து ஒட்டு எடுத்து ஓட்டையை நிரந்தரமாக மூடுவது இன்னொரு வழி. எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. மிச்சமிருக்கும் பற்களை எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும். எதிர்ப்பக்கம் உறுதியான பற்கள் ஐந்தாறு இருந்து, கண்குழியின் தரையும் தப்பியிருந்தால் அப்டுரேட்டர் நன்றாக நிற்கும். அதைக் கழற்றினால் குழி முழுவதையும் கண்ணால் பார்க்கலாம். திரும்ப வரும் குணமுள்ள கட்டிகளில் இது சாதாரண வசதி அல்ல. பல்லே இல்லாதவர், அண்ணத்தில் பாதிக்கு மேல் இழந்தவர், கண்ணுக்குக் கீழே ஆதாரம் போனவர் ஆகியோருக்கு ஒட்டு அறுவையோ கன்ன எலும்பில் பதிக்கும் இம்பிளாண்டோ வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முன்பே நடக்க வேண்டியது

அப்டுரேட்டர் சரியாக நிற்காததற்குப் பெரும்பாலும் லேபைக் குறை சொல்கிறோம். ஆனால் விஷயம் அதற்கு முன்பே, அறுவையைத் திட்டமிடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. செயற்கைப் பல் நிபுணர் நோயாளியை அறுவைக்கு முன் பார்த்தே தீர வேண்டும்.

முதல் வேலை மேல், கீழ் இரண்டு தாடைகளுக்கும் ஆல்ஜினேட் என்ற அச்சுப்பசையில் அளவு எடுத்து, ஸ்டோன் என்ற கெட்டி பிளாஸ்டரில் மாடல் ஊற்றுவது. இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை அப்படியே பத்திரப்படுத்தி, மற்றதில் அறுவை நிபுணரை பென்சிலால் வெட்டுக்கோடு போட வைக்க வேண்டும். கதிர்வீச்சுப் பகுதிக்குள் வரப்போகிற, காப்பாற்ற முடியாத பற்கள் இருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும். பிடுங்கிய குழி ஆற 14 முதல் 21 நாள் தேவை. கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

அறுவை நிபுணரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. வெட்டுக்கோட்டை ஒட்டிய பல்லைப் பிடுங்கி, அந்தக் குழியின் நடுவே வெட்டச் சொல்ல வேண்டும். இரண்டு பற்களுக்கு இடையிலான மெல்லிய எலும்பில் வெட்டினால், மிஞ்சும் பல்லின் வேர் ஒரு பக்கம் எலும்பே இல்லாமல் நிற்கும். பல்லைக் கவ்விப் பிடிக்கும் கிளாஸ்ப் மாட்டிய சில மாதங்களில் அது ஆடத் தொடங்கும். கட்டி அனுமதித்தால் கோரைப்பல்லை விட்டுவைக்கச் சொல்லலாம், அதைப்போல் பிடிமானம் தரும் பல் வேறில்லை. எலும்பின் வெட்டு விளிம்பின் மேல் அண்ணத் தோலை மடித்து மூட வேண்டும். இல்லாவிட்டால் குமிழ் உரசும் ஒவ்வொரு முறையும் அங்கே புண் வரும். கன்னத்தின் உட்புறம் தோல் ஒட்டு வைத்தால், ஒட்டும் கன்னச் சவ்வும் சேரும் இடத்தில் ஒரு தழும்புப் பட்டை உருவாகும். குமிழின் பக்கவாட்டு விளிம்பு அந்தப் பட்டைக்கு மேலே ஏறி உட்கார்ந்தால் கீழே விழாது. ஒட்டு வைக்காமல் தானாக ஆறவிட்ட கன்னம் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் கேட்கலாம், ஆனால் கட்டியின் ஓரம் சுத்தமாக வருவதோடு மோதினால் எதையும் வற்புறுத்தக் கூடாது.

அறுவை அன்றே பொருத்தும் தட்டு, வெட்டுக்கோடு போட்ட மாடலின் மேல் தயாராகிறது. வெட்டப்படும் பற்களை மாடலிலிருந்து சுரண்டி எடுத்து, அண்ணத்தின் வளைவை மட்டும் பழையபடி விட்டு, நிறமில்லாத அக்ரிலிக்கில் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் செய்வார்கள். நிறமில்லாதது ஏன் என்றால், அழுத்தம் விழும் இடத்தில் திசு வெளுப்பது தட்டின் ஊடே கண்ணுக்குத் தெரியும். ஓரங்களில் சிறு துளைகள் போட்டுவைத்தால் கம்பியால் பற்களோடு கட்டலாம். எடுத்த பக்கத்தில் கடைவாய்ப் பற்கள் வைக்கக் கூடாது. அங்கே கடித்தால் தட்டு உள்ளே போய்ப் புண்ணில் குத்தும். வெட்டு சில நேரம் கோட்டைத் தாண்டிப் போகும் என்பதால் டிஷ்யூ கண்டிஷனர் என்ற மென்பூச்சும் தேய்த்துச் சரிசெய்யும் டிரிம்மரும் அறுவை அரங்கில் கைவசம் இருக்க வேண்டும். இந்தத் தட்டு உள்ளே வைக்கும் துணித் திணிப்பைத் தாங்கிப் பிடிக்கும், முதல் நாளிலிருந்தே ஓரளவு பேச வைக்கும். திணிப்பை 5 முதல் 10 நாளில் எடுப்பார்கள்.

தட்டை செல்ஃப் க்யூரில் (சூடேற்றாமல் தானாக இறுகும் அக்ரிலிக்) அவசரமாகச் செய்திருந்தால், அதைப் புண்ணின் மேல் வைக்கும் முன் 50 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இறுகாமல் எஞ்சிய மோனோமர் (அக்ரிலிக்கின் மூலத் திரவம்) பச்சைத் திசுவை எரிக்கும்.

மூன்று பொருள், மூன்று குணம்

அப்டுரேட்டரில் ஒரே பிளாஸ்டிக் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மூன்று வகைப் பாலிமர் (நீள்சங்கிலி மூலக்கூறு) கலவைகள் மாறி மாறி வேலை செய்கின்றன. எது எங்கே, எவ்வளவு நாளைக்கு என்று தெரியாமல் போட்டால் நோயாளி அவதிப்படுவார்.

அடிப்படை பாலிமெதில் மெதாக்ரிலேட். பவுடரில் ஏற்கெனவே பாலிமராகிவிட்ட சிறு மணிகள், கூடவே கொஞ்சம் பென்சாயில் பெராக்சைடு, நிறமி. லிக்விடில் மெதில் மெதாக்ரிலேட் மோனோமர், அது பாட்டிலிலேயே கெட்டியாகாமலிருக்க ஹைட்ரோகுயினோன், சங்கிலிகளைக் குறுக்கே கட்ட எத்திலீன் கிளைகால் டைமெதாக்ரிலேட். கொள்ளளவில் 3 பங்கு பவுடருக்கு 1 பங்கு லிக்விட். இந்த விகிதத்துக்குக் காரணம் இருக்கிறது: வெறும் மோனோமர் பாலிமரானால் 21 சதவீதம் சுருங்கும், முக்கால்வாசி ஏற்கெனவே பாலிமராக இருப்பதால் கலவை 6 முதல் 7 சதவீதம்தான் சுருங்குகிறது. கலவை இளகலாக இருந்தால் அச்சில் எளிதாக ஓடுமே என்று லிக்விடைக் கூட்டுபவர்கள் சுருக்கத்தையும், உள்ளே எஞ்சும் மோனோமரையும் சேர்த்தே கூட்டுகிறார்கள்.

கலந்ததும் மணல் பதம், பிறகு இழுத்தால் நூல் வரும் பதம், பிறகு கிண்ணத்தில் ஒட்டாத மாவுப் பதம், கடைசியில் ரப்பர் பதம். மாவுப் பதத்தில் மட்டுமே ஃபிளாஸ்கில் (அச்சைத் தாங்கும் உலோகப் பெட்டி) திணிக்க வேண்டும். நூல் பதத்தில் திணித்தால் அழுத்தும்போது வழிந்தோடி உள்ளே நுண்துளை விழும். ரப்பர் பதத்தில் திணித்தால் நுணுக்கமான இடங்களுக்குப் போகாது, அப்டுரேட்டரின் உயரமும் கூடிவிடும். அக்ரிலிக் ஒட்டாமலிருக்க அச்சுக்கு ஆல்ஜினேட் செபரேட்டர் இரண்டு பூச்சு பூசிக் காயவிட வேண்டும். ஈரமான பிளாஸ்டரிலிருந்து தண்ணீர் ஏறினால் மேற்பரப்பு வெளுத்து, வெடிப்பு வெடிப்பாகும்.

சூடேற்றுவதில்தான் அப்டுரேட்டர் சாதாரண பல்செட்டிலிருந்து வேறுபடுகிறது. பென்சாயில் பெராக்சைடு 60 டிகிரியைத் தாண்டியதும் உடைந்து வினையைத் தொடங்கிவைக்கும், வினையும் வெப்பத்தை வெளிவிடும். மோனோமரின் கொதிநிலை 100.8 டிகிரி. பல்செட்டின் மெல்லிய தட்டில் வெப்பம் பிளாஸ்டருக்குள் போய்விடும். குமிழ் போன்ற கனமான இடத்தில் அக்ரிலிக்கே வெப்பத்தைக் கடத்தாமல் பிடித்துவைக்கும். தண்ணீர் 80 டிகிரியில் இருக்கும்போதே நடுவில் மோனோமர் கொதித்துக் குமிழியாகிவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பு, வெட்டிப் பார்த்தால் நடுவெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகளில் மூக்குச் சளி ஊறும், பூஞ்சை குடியேறும், கொஞ்ச நாளில் எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாது. ஆகவே திணித்த ஃபிளாஸ்கை அரை மணி முதல் ஒரு மணி நேரம் மேசையிலேயே அழுத்தத்தில் விட்டு, 74 டிகிரியில் 8 மணி நேரம் வைப்பதே இதற்குப் பொருத்தம். 74-ல் 2 மணி, 100-ல் 1 மணி என்ற குறுக்குவழி மெல்லிய தட்டுக்குச் சரி, கனமான குமிழுக்கு வேண்டாம். எடுத்ததும் தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட்டுத் திறக்க வேண்டும். அவசரமாகக் குளிர்ந்தால் உள்ளிழுவிசை தங்கி, பின்னால் வளைந்துகொள்ளும்.

ஐஎஸ்ஓ 20795-1 தரத்தில் பார்த்தால், ஹீட் க்யூருக்கு (சூடேற்றி இறுக்கும் அக்ரிலிக்) வளைவு வலிமை குறைந்தது 65 மெகாபாஸ்கல், எஞ்சும் மோனோமர் அதிகபட்சம் 2.2 சதவீதம். செல்ஃப் க்யூருக்கு 60 மெகாபாஸ்கல், 4.5 சதவீதம். ஒழுங்காக வேகவைத்த ஹீட் க்யூரில் எஞ்சும் மோனோமர் அரை சதவீதத்துக்கும் கீழே வரும். ஓட்டைக்குள் திசுவோடு இரவும் பகலும் உரசிக் கிடக்கப்போகிற சாதனம் இது. நிரந்தர அப்டுரேட்டரின் குமிழை செல்ஃப் க்யூரில் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

சாதாரண அக்ரிலிக் கடினமானது, ஆனால் நொறுங்கும். கீழே விழுந்தால் விரிசல் தடையில்லாமல் ஓடிவிடும். ஹை இம்பாக்ட் அக்ரிலிக்கில் பியூட்டாடையீன்-ஸ்டைரீன் ரப்பர் துகள்கள் மணிகளோடு பிணைந்திருக்கின்றன. ஓடிவரும் விரிசல் ரப்பர் துகளில் மோதும்போது துகள் நீண்டு அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. துகள் மெதாக்ரிலேட்டோடு வேதிப் பிணைப்பில் இருக்க வேண்டும். வெறுமனே கலந்த ரப்பரைச் சுற்றி இடைவெளி விழுந்து, அதுவே விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். இதற்கு விலையும் உண்டு: விறைப்பு கொஞ்சம் குறையும். அப்டுரேட்டர் ஒரு பக்கம் மட்டும் பற்களில் தொங்கும் நீண்ட நெம்புகோல். தட்டு வளைந்தால் அந்தச் சுமை கிளாஸ்ப் மாட்டிய பற்களுக்குப் போகும். அதனால் விறைப்பைக் கோபால்ட்-குரோமியம் சட்டத்துக்கு விட்டு, சட்டத்தின் மேல் ஹை இம்பாக்ட் அக்ரிலிக்கைப் போடுவதே நல்ல சேர்மானம்.

இரண்டாவது பொருள் டிஷ்யூ கண்டிஷனர். இது பாலிஎத்தில் மெதாக்ரிலேட் பவுடர். லிக்விடில் மோனோமரே இல்லை, மென்மையாக்கும் தாலேட் வகை பிளாஸ்டிசைசரும் எத்தனாலும் மட்டும். எத்தனால் மணிகளை உப்பவைத்து பிளாஸ்டிசைசரை உள்ளே விடுகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி கூழாகின்றன. வேதிவினை எதுவும் நடப்பதில்லை. அதனால்தான் அது வாயில் மணிக்கணக்கில் நகர்ந்து, திசுவின் அசைவுக்கு ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. புண் ஆறும் வாரங்களில், நாளுக்கு நாள் சுருங்கும் குழிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஆனால் எத்தனால் முதலிலேயே வெளியேறிவிடும், பிளாஸ்டிசைசர் உமிழ்நீரில் மெல்ல மெல்லக் கரைந்து போகும், அந்த இடத்தில் தண்ணீர் ஏறும். ஒரு வாரத்தில் கடினமாகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் உப்புத்தாள்போல் சொரசொரப்பாகிவிடும். அதற்குள் மாற்றியே ஆக வேண்டும். பழையதன் மேலேயே புதிதைப் பூசுவது பெரிய தப்பு; முழுதும் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். கதிர்வீச்சால் வாய் வெந்திருக்கும் வாரங்களில் எத்தனால் எரியும். அப்போது வாய்க்கு வெளியே நன்கு கெட்டிப்படவிட்டு, தண்ணீரில் அலசி வைக்கலாம்.

மூன்றாவது சிலிக்கோன் லைனர், அதாவது அக்ரிலிக்கின் மேல் போடும் ரப்பர் போன்ற மென்படலம். வாயில் மாதக்கணக்கில் மென்மையாக இருக்கும், ஏனென்றால் அதில் கரைந்து போக பிளாஸ்டிசைசரே இல்லை. ஆனால் சிலிக்கோன் அக்ரிலிக்கோடு தானாக ஒட்டாது; ஒட்டவைக்கும் பிரைமர் வேண்டும். ஓரத்தை மெல்லியதாக இழைத்து முடித்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். அக்ரிலிக்கில் செங்குத்தான படி வெட்டி, லைனர் குறைந்தது 2 மில்லிமீட்டர் கனத்தில் அந்தப் படியில் முட்டி நிற்குமாறு முடிக்க வேண்டும். கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது, பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். எல்லாருக்கும் சிலிக்கோன் போடுவது தேவையற்றது. குழியில் கூர்மையான எலும்பு முனையோ ஆழமான உட்குழிவோ இருப்பவர்களுக்கு மட்டும் அது லாபம்.

3டி பிரிண்டிங்கில் மாடலும் முதல் நாள் தட்டும் அழகாக வருகின்றன. ஒளியில் இறுகும் அந்த ரெசின்கள் வேறு மெதாக்ரிலேட்களின் கலவை. ஆல்கஹாலில் கழுவி, பிறகு ஒளிப்பெட்டியில் முழுதாக இறுக்காவிட்டால் வலிமையும் வராது, மோனோமரும் கசியும். மூடிய பொள்ளல் (உள்ளே வெற்றான) குமிழை நேரே அச்சிட்டால் இறுகாத திரவ ரெசின் உள்ளே மாட்டிக்கொள்ளும். வடிகால் துளை விட்டு, காலிசெய்து, பிறகே அடைக்க வேண்டும்.

குமிழ் ஏன் பொள்ளலாக இருக்க வேண்டும்

அக்ரிலிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.18 கிராம். 30 கன சென்டிமீட்டர் குமிழ் உள்ளே நிரம்பியிருந்தால் 35 கிராம். அதையே 2 மில்லிமீட்டர் சுவரோடு பொள்ளலாகச் செய்தால் ஏறக்குறைய 10 கிராம். ஒவ்வொரு நொடியும் கீழே இழுக்கும் அந்த 25 கிராமைத் தாங்குவது மிச்சமிருக்கும் நான்கைந்து பற்கள்தான்.

பொள்ளலாக்க எளிய வழி உப்பு. பாதி மாவைத் திணித்து, நடுவில் உப்புப் பொட்டலம்போல் வைத்து, மேலே மாவை மூடி வேகவைத்து, சிறு துளை போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துளையை அடைப்பார்கள். சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வருவது இதன் குறை. டிரிம் பண்ணும்போது மெலிந்த இடம் பொத்துவிடும். குமிழையும் மூடியையும் தனித்தனியே ஹீட் க்யூரில் செய்து, மோனோமர் தடவி இணைக்கும் இரண்டு கட்ட முறை நேரம் எடுத்தாலும் சுவர் சீராக வரும். இணைப்புக் கோடு முடிந்தவரை வாய்ப் பக்கம் வர வேண்டும், அங்கே பழுது பார்க்கலாம்.

கசிவு இருக்கிறதா என்று தெரிய, முடித்த அப்டுரேட்டரை 50 டிகிரி தண்ணீரில் முக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே காற்று விரிந்து, ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழிகள் வரிசையாக வரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நோயாளியிடம் கொடுக்கக் கூடாது. கசியும் குமிழுக்குள் போன திரவம் வெளியே வராது. எடையும் கூடும், நாற்றமும் வரும். மேலே திறந்த கிண்ணம்போன்ற குமிழில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சளி தேங்கும், தினமும் கழற்றிக் கழுவும் கைப்பழக்கம் வேண்டும். கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவருக்கு மூடியதே நல்லது.

குமிழ் குழி முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை. தழும்புப் பட்டைக்கு மேல் ஏறினால் போதும். உயரம் அதிகமானால் மூக்கு அடைத்துப்போகும், வாயைத் திறந்து உள்ளே நுழைக்கவும் முடியாது.

அளவு எடுப்பதும் சோதிப்பதும்

நிரந்தர அப்டுரேட்டருக்கு அறுவைக்குப் பின் 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். கதிர்வீச்சு இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதல் அளவு ஆல்ஜினேட்டில் எடுக்கும்போது, குழியின் ஆழமான பகுதிகளை வாசலின் தடவிய காஸ் துணியால் அடைத்து, துணியில் பல்நூல் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். ஆல்ஜினேட் உட்குழிவில் மாட்டிக் கிழிந்தால் துண்டு சைனஸில் தங்கிவிடும், துணி நழுவினால் மூச்சுக்குழாய்க்குப் போகலாம்.

குமிழின் ஓரங்களை, சூட்டில் இளகும் கிரீன் ஸ்டிக் கலவையும் மெழுகும் கொண்டு பகுதி பகுதியாக வடிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நோயாளி வாயை அகலத் திறந்து, தாடையை இரு பக்கமும் நகர்த்தி, முகவாய் மார்பில் படக் குனிந்து, தலையை இடமும் வலமும் திருப்பி, எச்சில் விழுங்க வேண்டும். வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடையின் பின்பகுதியில் மேல்நோக்கி நிற்கும் முன்முனை (கோரனாய்டு) குழியின் பக்கவாட்டில் முன்னே வரும்; அதற்கு இடம் விடாவிட்டால் கொட்டாவி விடும்போதெல்லாம் அப்டுரேட்டர் கழன்றுவிடும்.

ஓட்டை அடைபட்டதா என்பதை நோயாளியின் பேச்சே சொல்லிவிடும். ‘பாப்பா, தாத்தா, காக்கா’ என்று சொல்லச் சொல்லி, மூக்குத் துளைக்குக் கீழே வாய்க்கண்ணாடியைப் பிடியுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது. ‘பாப்பா’ ‘மாம்மா’ போலக் கேட்கும். அடுத்து ‘மாமா, நான், ஞானம்’. இப்போது ஆவி படிய வேண்டும். படியாமல், ஜலதோஷம் பிடித்தவர்போல் ‘மாமா’ ‘பாபா’வாக வந்தால் குமிழின் பின்பகுதி அதிகம், குறைக்க வேண்டும். பிறகு தலையை நேராக வைத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் பின் ஓரத்தில், மெல்லண்ணம் அசையும் இடத்தில்தான் இருக்கும். அங்கே மட்டும் சிறிது மெழுகு சேர்த்துத் திரும்பப் பார்த்தால் இடம் பிடிபட்டுவிடும்.

வாய் திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதைத் தாடை இறுக்கம் என்கிறோம். கதிர்வீச்சு முடிந்த மாதங்களில் இது மெல்ல மெல்லக் கூடும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டும் பயிற்சியை டாக்டர் அனுமதித்ததும் தொடங்கிவிட வேண்டும். இறுகிய பின் தளர்த்துவது மிகக் கடினம். திறப்பு மிகக் குறைந்துவிட்டால் குமிழையும் தட்டையும் தனித்தனியாகச் செய்து காந்தத்தால் இணைக்கலாம். உமிழ்நீர் பட்டால் காந்தம் துருப்பிடிக்கும் என்பதால் உறையிட்ட காந்தம்தான் வேண்டும். கதிர்வீச்சுக்குத் திட்டமிடும் ஸ்கேனில் அப்டுரேட்டர் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதை எழுதிவைத்து, 30 தடவையும் அப்படியே தொடர வேண்டும். குழிக்குள் காற்றின் அளவு மாறினால் கதிரின் கணக்கு மாறும்.

வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. சாப்பிட்ட பின் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷாலும் சோப்பாலும் கழுவுங்கள்; பற்பசை சொரசொரப்பாக்கும். குழியை வெதுவெதுப்பான உப்புநீரால் அலசுங்கள். வெந்நீர், ஸ்பிரிட், சானிடைசர் மூன்றும் கூடாது: வெந்நீரில் அக்ரிலிக் வளையும், ஆல்கஹாலில் நுண்வெடிப்பு விடும். உலோகச் சட்டம் உள்ளதை ப்ளீச்சிங் கரைசலில் போடாதீர்கள். கழற்றி வைக்கும் நேரமெல்லாம் தண்ணீரில் இருக்கட்டும். ஆனால் அறுவை முடிந்த முதல் மாதங்களில் இரவிலும் கழற்றாதீர்கள். ஒரு இரவில் சுருங்கிய குழிக்குள் காலையில் அது நுழையாமல் போகும்.

மாதக்கணக்கில் சரியாக நின்ற அப்டுரேட்டர் திடீரென்று ஒரு பக்கம் தூக்கினாலோ, புதிதாக ஓர் இடத்தில் மட்டும் உறுத்தினாலோ, உடனே டிரிம் செய்து கொடுத்துவிடக் கூடாது. கழற்றி, வெளிச்சம் போட்டு, குழியின் ஒவ்வொரு மூலையையும் பார்த்து, சந்தேகமிருந்தால் பயாப்ஸிக்கு அனுப்பிவிட்டுத்தான் அக்ரிலிக்கில் கைவைக்க வேண்டும்.

புதியது வந்ததும் பழைய அப்டுரேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டப்பாவில் தண்ணீர் விட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி வையுங்கள். புதியது உடைந்து லேபுக்குப் போனால், திரும்பி வரும்வரை சோறு தண்ணீர் இறங்க அதுதான் வழி. மாடலை லேபிலிருந்து கேட்டு வாங்கி, பெயரும் தேதியும் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் செய்ய நேர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.